கமலாபாய் பேசினார், ரோஸி பேசவில்லை

இந்திய சினிமாவோட முதல் கதாநாயகி யாருங்க?

தேவிகா ராணி, சுலோசனா, நம்ம டி.பி.ராஜலட்சுமின்னு ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லுவீங்க. சரியான விடை அண்ணா சாளுங்கே. சேலை கட்டி நடிச்ச ஆம்பளை :-)

1913ல தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தப்ப சந்திரமதி வேஷத்துக்கு பம்பாய் முழுக்க பெண் தேடினார். விளம்பரம் கொடுத்துப் பார்த்தார். சிவப்பு விளக்குப் பகுதிக்கே போய்க் கேட்டதாகவும், அங்கேயும் மாட்டேன்னு சொல்லிட்டதாகவும் சொல்வார்கள். கடைசியில் கிராண்ட் ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே கண்ணில் பட்டார். ஒல்லியான உடம்பு, மெல்லிய விரல்கள். பால்கேக்கு அது போதுமானதா இருந்தது. ஓட்டலில் பத்து ரூபா சம்பளம், பால்கே பதினைஞ்சு தர்றேன்னார், கதாநாயகி ரெடி. நாலு வருஷம் கழிச்சு 'லங்கா தகன'த்தில் இதே சாளுங்கே ராமனாகவும் நடித்தார், சீதையாகவும் நடித்தார். இரட்டை வேஷத்துக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

இந்தக் கதையை எல்லாரும் சொல்லியாச்சு. நான் சொல்ல வந்தது அதுக்குப் பிறகு வந்த பெண்களைப் பத்தி. அதிலும் குறிப்பா ரெண்டு பேர். ஒருத்தர் புனே, இன்னொருத்தர் திருவனந்தபுரம். ரெண்டு பேரும் சந்திச்சதே இல்லை. ஆனா ஒருத்தர் கதையைப் படிக்கும்போதெல்லாம் இன்னொருத்தர் ஞாபகம் எனக்கு வந்துடுது.

முதலாமவர் கமலாபாய் கோகலே.

ஹரிச்சந்திரா ஓடிய அதே 1913ல் பால்கே எடுத்த அடுத்த படம் 'மோகினி பஸ்மாசூர்'. தொட்டதெல்லாம் சாம்பலாகணும்னு வரம் வாங்கிய அசுரன் தன் தலையிலேயே கை வைத்துக்கொண்ட கதை, நமக்குத் தெரிஞ்சதுதான். இதில் பார்வதியாக நடித்தவர் துர்காபாய் காமத். மோகினியாக நடித்தவர் அவருடைய மகள் கமலா. அம்மாவும் பெண்ணும். இந்தியத் திரையில் முதன்முதலாகத் தெரிந்த பெண் முகங்கள் இவங்க ரெண்டு பேருடையதுதான். கமலாவுக்கு அப்போ பன்னிரண்டு பதிமூணு வயசு இருக்கும். இன்னிக்கு அந்த வயசில் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிப்பார்கள்.

துர்காபாய் புருஷனைப் பிரிஞ்சு, கையில் ஒத்தைப் பெண் குழந்தையோட நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். நல்ல குடும்பத்து பிராமணப் பெண் மேடையேறியதை அன்றைய மராத்திய சமூகம் எப்படிப் பார்த்திருக்கும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை. மேடையில் பெண் வேஷம்னா ஆண்கள்தான் கட்டணும். பால கந்தர்வா மாதிரி பெண் வேஷ நடிகர்கள் உச்சத்தில் இருந்த காலம் அது. அவர் கட்டிய புடவை மாதிரிதான் வேணும்னு நிஜப் பெண்களே அலைஞ்சாங்களாம். நம்ம ஊர் பாய்ஸ் கம்பெனி கதைதான் அங்கேயும். பெண்ணாக நடிக்கும் ஆணுக்கு மரியாதை, பெண்ணாகவே மேடையேறும் பெண்ணுக்கு ஏச்சு. என்ன லாஜிக்கோ!

கமலா அதுக்கு மேல ஒரு படி போனார். கல்யாணம் செய்துகொண்டது நாடகக் கம்பெனி வீட்டு ரகுநாத்ராவ் கோகலேயை. கம்பெனியில் கமலாபாய் ஆண் வேஷங்களும் கட்டினார். கணவர் சின்ன வயசிலேயே இறந்து போனார். மூணு பிள்ளைகளை நடிச்சே வளர்த்தார். அதில் சந்திரகாந்த் கோகலே மராத்தி நாடகம், சினிமா ரெண்டிலும் பெரிய நடிகர். பேரன் விக்ரம் கோகலேயை நிறைய இந்திப் படங்களில் பார்த்திருப்பீங்க, 2022ல் காலமானார். நாலு தலைமுறையா நடிப்பு.

'மோகினி பஸ்மாசூர்' இன்னிக்கு இல்லை. இந்தியாவில் ஊமைப்படக் காலத்தில் சுமார் 1300 படங்கள் எடுத்ததாகக் கணக்கு. முழுசும் துண்டுமாகச் சேர்த்து மிஞ்சியது முப்பதுக்குப் பக்கம்தான். 'ராஜா ஹரிச்சந்திரா'விலேயே கிடைத்தது முதல் ரீலும் கடைசி ரீலும். நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், புழுக்கத்தில் வைத்தால் பொடிப்பொடியாகும். அதில் இருந்த வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. பேசும்படம் வந்த பிறகு ஊமைப்படத்தை யார் சீந்துவார்கள்?

அப்போ கமலாபாய் நடித்ததுக்கு என்ன சாட்சி? இங்கேதான் நம்ம விஷயம் ஆரம்பிக்குது.

ரீனா மோகன்னு ஒருத்தர். புனே திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படித்தவர். அதே ஊரில் ஒரு முதிய நடிகை தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். தொண்ணூறை ஒட்டிய வயசு. ரீனா அவரைத் தேடிப் போய் ஒரு ஆவணப்படம் எடுத்தார். பெயர் 'கமலாபாய்'. 1991. முக்கால் மணி நேரம்தான் ஓடும். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. முதல் படம் எடுக்கும் இயக்குநருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் சொந்தமாக ஆவணப்படம் எடுப்பதுன்னா என்னன்னு இன்றைய செல்போன் கேமரா தலைமுறைக்குப் புரியுமான்னு தெரியலை. பிலிம் சுருள் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. கேமராவை ஓடவிட்டால் ஒவ்வொரு நிமிஷமும் பர்ஸ் இளைக்கும். ஒரு பாட்டி யோசிச்சு, இருமி, ஞாபகப்படுத்திப் பேசும்வரை காத்திருக்கிறது இருக்கே, அது பொறுமை மட்டுமில்லை, பணமும்தான். எடுத்து முடிச்சாலும் தியேட்டர் கிடையாது. தூர்தர்ஷன் மனசு வைக்கணும், இல்லேன்னா திரைப்பட விழா, கல்லூரி, பிலிம் சொசைட்டின்னு பெட்டியைத் தூக்கிட்டு அலையணும்.

படத்தில் எனக்குப் பிடித்தது என்னன்னா, பவ்யமா நாற்காலியில் உட்கார்ந்து 'அந்தக் காலத்திலே...'ன்னு பேட்டி கொடுக்கிற பாட்டியா கமலாபாய் இல்லை. மேடைக்காரி. பழைய நாடக வசனமும் பாட்டும் ஞாபகத்திலிருந்து வருது. 'இந்தியாவின் முதல் நடிகை'ங்கிற பட்டமெல்லாம் நமக்குத்தான் பெரிசு. அவருக்கு சினிமாங்கிறது நீளமான மேடை வாழ்க்கையில் நடுவில் வந்த ஒரு வேலை. வரலாறு எழுதறவங்க எதைக் கேட்கப் போனாங்களோ அதைவிட வேற ஏதோ ஒண்ணு அவருக்கு முக்கியமா இருந்திருக்கு. அவரே வாயைத் திறந்து பேசலேன்னா இது நமக்குத் தெரிஞ்சிருக்காது. படம் வந்து சில வருஷம் கழிச்சு காலமானார். ரீனா மோகன் ஒரு ஏழெட்டு வருஷம் தாமதிச்சிருந்தா இதுவும் இல்லை.

சரி, இப்போ திருவனந்தபுரம் போவோம்.

ஜே.சி.டேனியல். அகஸ்தீஸ்வரத்துக்காரர், கன்னியாகுமரியிலிருந்து கூப்பிடு தூரம். நாடார் கிறிஸ்தவக் குடும்பம், வசதியானவர். களரி, சிலம்பம், வாள்வீச்சு மேல பைத்தியம், வாள்வீச்சு பற்றி இங்கிலீஷில் புத்தகமே எழுதியவர். இந்தக் கலையை ஊருக்குக் காட்ட சினிமாதான் வழின்னு தோணி, தொழில் கத்துக்க மெட்ராஸ் வந்தார். இங்கே ஸ்டூடியோவுக்குள்ளே விடலை. பம்பாய் போய், 'நான் பள்ளிக்கூட வாத்தியார், பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்'னு கதை விட்டு உள்ளே நுழைஞ்சார். (வாத்தியாருக்கு அப்போ அவ்வளவு மரியாதை!) சொத்தை வித்து, திருவனந்தபுரம் பட்டத்தில் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்னு ஸ்டூடியோ போட்டார். எடுத்த படம் 'விகதகுமாரன்'. காணாமல் போன பையன்னு அர்த்தம். மலையாளத்தின் முதல் படம்.

புராணக் கதையா எடுத்துத் தள்ளிட்டிருந்த காலத்தில் மனுஷர் சமூகக் கதை எடுத்தார். திருவாங்கூர் பணக்கார வீட்டுப் பையனை ஒருத்தன் இலங்கைக்குக் கடத்திப் போய்விட, அங்கே எஸ்டேட்டில் கூலியாக வளர்கிறான். நம்ம சனங்க ஆயிரக்கணக்கில் கப்பலேறிக்கிட்டிருந்த அதே தோட்டங்கள்தான். அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும் உறவுக்காரனாக டேனியலே நடித்தார். கடத்தப்பட்டவனின் தங்கை சரோஜினி, நாயர் வீட்டுப் பெண். அதுதான் கதாநாயகி.

அந்த வேஷத்துக்கு பம்பாயிலிருந்து ஒரு நடிகையை ஏற்பாடு செய்து, அது சரிப்பட்டு வரலை. பிறகு கிடைத்தவர்தான் ரோஸி. புலையர் சாதி, வயலில் கூலி வேலை செய்யும் குடும்பம். காக்காரிசி நாடகத்தில் நடிச்சுப் பழக்கம். பிறந்தப்ப பெயர் ராஜம்மா என்றும், சபையில் சேர்ந்ததும் ரோசம்மா ஆனதாகவும், டேனியல்தான் அதை ரோஸி ஆக்கினார் என்றும் சொல்கிறார்கள். படப்பிடிப்புக்குத் தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வருவாராம். மத்தவங்களோட பந்தியில் உட்காரலாம்னு அவருக்குத் தோணவே இல்லை. தோண விட்டாங்களா?

காலத்தைக் கவனிங்க. படம் வெளியான தேதி 1928 நவம்பர் என்றும் 1930 அக்டோபர் என்றும் ரெண்டு கணக்கு இருக்கு. எதுவானாலும், வைக்கம் போராட்டம் (1924-25) முடிஞ்சு சில வருஷம்தான் ஆகியிருக்கு. கோயில் நுழைவுப் பிரகடனம் வர இன்னும் பல வருஷம் இருக்கு, அது 1936ல்தான். டேனியலோட சாதிப் பெண்களே இடுப்புக்கு மேலே துணி போட 1859 வரைக்கும் சண்டை போட்டுத்தான் உரிமை வாங்கினாங்க, தோள்சீலைப் போராட்டம் நமக்குத் தெரியும். எந்தச் சாதிப் பெண் என்ன உடுத்தலாம்கிறது அந்த மண்ணில் அடிதடி விவகாரம். அங்கே போய் ஒரு புலையப் பெண்ணுக்கு நாயர் வீட்டு உடை உடுத்தி, நகை போட்டு, பெரிய திரையில் காட்டினால்?

கேப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி. ஊர்ப் பெரிய மனுஷங்க வந்திருந்தாங்க. அந்தப் பெண் அரங்கத்தில் இருந்தால் நாங்க உள்ளே வரமாட்டோம்னு சொன்னதா வரலாறு. தன் படத்தின் முதல் காட்சியை ரோஸி பார்க்கவில்லை. நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் திரை மேல் கல் பறந்தது. திரை கிழிஞ்சது. கூட்டம் அதோட நிக்கலை. ரோஸியின் குடிசைக்குத் தீ வெச்சாங்க. ராத்திரியோட ராத்திரியா ஓடிய ரோஸி, வழியில் வந்த லாரியில் ஏறி நாகர்கோவில் போய்ச் சேர்ந்தார். அந்த லாரி டிரைவர் கேசவ பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் அங்கேயே வாழ்ந்து முடித்தார். மறுபடி சினிமா பக்கம் வரவில்லை.

இதை எழுதறவங்க நிறைய பேர் 'தமிழ்நாட்டுக்கு ஓடிப்போனார்'ன்னு எழுதறாங்க. சின்னத் திருத்தம். நாகர்கோவில் அப்போ திருவாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. எழுபது கிலோமீட்டர் கூட இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் நம்ம பக்கம் வந்தது 1956 நவம்பர் 1ல். அந்த எல்லைக்கோடு ரோஸியைக் காப்பாத்தலை. ஆனா டேனியல் காலை வாரிவிட்டது. எல்லாத்தையும் இழந்து, பல் டாக்டராகப் பிழைத்து, கடைசியில் சொந்த ஊர் அகஸ்தீஸ்வரத்தில் முடங்கியவருக்கு கேரள அரசு நலிந்த கலைஞர் பென்ஷன் தர மறுத்தது. காரணம், நீங்க தமிழ்நாட்டுக்காரர்! 1975ல் செத்துப்போனார். 1992ல் அவர் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது. இன்றைக்கு மலையாள சினிமாவில் வாழ்நாள் சாதனைக்கான உச்ச விருதே அதுதான். எங்கே போய்ச் சிரிக்க?

டேனியலைத் தேடிக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்கிற பத்திரிகையாளர். அவர் விடாமல் எழுதியதால்தான் 'மலையாள சினிமாவின் தந்தை'ங்கிற பட்டம் டேனியலுக்குக் கிடைத்தது. டேனியல் அவரிடம் தன் கதையைத் தானே சொல்ல முடிந்தது. ரோஸியிடம்? 1971ல் குன்னுகுழி எஸ்.மணி முதன்முதலாக அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் தொடர்ந்து தோண்டியதால்தான் இவ்வளவாவது தெரியும். ஆனா நாகர்கோவிலில் இருந்த அந்த ராஜம்மாள் முன்னாடி கேமராவையோ டேப் ரிக்கார்டரையோ கொண்டு போய் வைத்தவர் யாருமில்லை. குடிசை எரிஞ்ச ராத்திரி அவர் என்ன நினைச்சார், பூவை முத்தமிட்ட காட்சியை எடுக்கும்போது சிரிச்சாரா, கூச்சப்பட்டாரா, பிற்பாடு நாகர்கோவில் கொட்டகையில் எப்பவாவது சினிமா பார்த்தாரா. எதுவும் அவர் வாயால் பதிவாகலை. ரோஸின்னு இணையத்தில் சுத்துற ஒரு போட்டோ இருக்கு. அது அவர்தானா என்பதிலேயே சண்டை.

படமும் போச்சு. கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' (2013) படத்தில், டேனியலின் சின்ன மகன் விளையாட்டாக ரீல்களைக் கொளுத்திவிடுவதாக வரும். பிருத்விராஜ் டேனியலாகவும் சாந்தினி ரோஸியாகவும் நடித்த படம். நல்ல படம்தான், வினு ஆபிரகாமின் 'நஷ்ட நாயிகா' நாவலும் அதுக்கு ஆதாரம். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? லாரி ஏறியதோட ரோஸி கதையிலிருந்து காணாமல் போயிடுவார். மிச்சப் படம் முழுக்க டேனியலின் கஷ்டம்தான். தலித் விமர்சகர்கள் இதை அப்பவே சுட்டிக்காட்டினாங்க. ரோஸியை எதற்கெடுத்தாலும் பயந்து நடுங்கும் அப்பாவிப் பெண்ணாகக் காட்டியதையும் கேட்டாங்க. எனக்கும் அது உறுத்தியது. நாலு பேர் பார்க்க நாடகம் ஆடிப் பழகிய பெண், சாதிக் கட்டுமானம் தெரிஞ்சும் துணிஞ்சு கேமரா முன்னாடி வந்த பெண், அவ்வளவு வெள்ளந்தியாகவா இருந்திருப்பார்? கமலாபாய் படத்தைப் பார்த்த பிறகு என்னால் நம்ப முடியலை. மேடையேறிய பெண்களுக்கு வாய் இருக்கும்ங்க.

கமல் மேல மட்டும் பழி போட முடியாது. சாட்சி இல்லாத இடத்தில் கதாசிரியர் கற்பனையைத்தான் வைப்பார். கமலாபாய் பற்றி நாளைக்கு யாராவது சினிமா எடுத்தால் அப்படி இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. முக்கால் மணி நேரப் படம் ஒண்ணு குறுக்கே நிக்கும்.

சில சமயம் சாட்சி கிடைக்கிற விதமே வேடிக்கையா இருக்கும். மலையாளத்தின் ரெண்டாவது படம் 'மார்த்தாண்ட வர்மா', டேனியலின் உறவினர் சுந்தர் ராஜ் தயாரித்த ஊமைப்படம். நாவலை வெளியிட்ட புத்தகக் கடை காப்புரிமை வழக்குப் போட்டதில் படம் முடங்கியது, தயாரிப்பாளர் காலி. ஆனா ரீல் பெட்டி பத்திரமா அந்தப் புத்தகக் கடையிலேயே கிடந்து, 1974ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் பி.கே.நாயர். ஊர் ஊராகப் போய் பிலிம் பெட்டி பொறுக்கிய மனுஷர். அவரைப் பற்றியும் 'செல்லுலாய்டு மேன்' (2012) என்று சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்த அருமையான ஆவணப்படம் இருக்கு. தவறாம பாருங்க. வழக்கு போட்டதால் ஒரு படம் பிழைத்தது. 'விகதகுமாரன்' மேல யாரும் வழக்கு போடலை, கல்லைத்தான் போட்டாங்க.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுது? கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' ஒரு அடி பிலிம் கூட இல்லை. திருவையாற்றில் பிறந்து, ஏழெட்டு வயசில் கல்யாணம் கட்டிவைக்கப்பட்டு, அதிலிருந்து வெளியே வந்து மேடையேறியவர் டி.பி.ராஜலட்சுமி. ஊமைப்படத்தில் நடித்து, 1931 அக்டோபர் 31ல் வந்த 'காளிதாஸ்' மூலம் தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி ஆனார். 1936ல் 'மிஸ் கமலா'வைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். சினிமா ராணின்னு பட்டம் கொடுத்தோம், 1961ல் கலைமாமணி கொடுத்தோம். 1964ல் இறந்தார். காளிதாஸும் இல்லை, மிஸ் கமலாவும் இல்லை. அந்த அம்மாவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசவிட்டு கேமராவில் பிடிக்க மெட்ராஸில் அப்போ ஸ்டூடியோ இல்லையா, கேமரா இல்லையா, காசுதான் இல்லையா? எல்லாம் கோடம்பாக்கத்தில் குவிஞ்சு கிடந்தது.

ரோஸி பெயர் மட்டும் இப்போ கொஞ்சம் கொஞ்சமா மேலே வருது. 2019ல் கேரளாவின் பெண் திரைக்கலைஞர்கள் அமைப்பு (டபிள்யூ.சி.சி.) பி.கே.ரோஸி பெயரில் பிலிம் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. சென்னையில் பா.ரஞ்சித்தின் நீலம் அமைப்பு அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துது. 2023 பிப்ரவரி 10ல் கூகுள் முகப்பில் அவர் படம் வந்தது, ஓவியமாகத்தான்.

ஃபாத்மா பேகம் பற்றியும் இங்கேயே எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். 1926லேயே 'புல்புலே பரிஸ்தான்' இயக்கிய, சொந்தக் கம்பெனி நடத்திய பெண்மணி, 'ஆலம் ஆரா' நாயகி ஜுபைதாவின் அம்மா. ஏற்கெனவே ரொம்ப நீண்டுடுச்சு, அவங்களுக்குத் தனிப் பதிவே போட்டுடலாம். அதுக்குள்ள உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது ராஜலட்சுமியை நேரில் பார்த்தோ, 'மிஸ் கமலா' கொட்டகையில் பார்த்தோ கதை சொல்லியிருந்தா பின்னூட்டத்தில் போடுங்க. நாகர்கோவில்காரங்க முன்னுரிமை எடுத்துக்கலாம்.